தண்டனை முடிந்து ஊருக்கு வருகிறவருக்கு நீதிமன்றம் தடை போடலாமா?

முதலில் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் சிறுமி ஒருத்தியைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்ததற்காகச் சிறைக்குப் போனவர், தண்டனை முடிந்து வெளியே வரப்போகிறார். பிள்ளையின் பெரியம்மா எழுதுகிறார்: "சிட்னியில் இருக்கிற அண்ணா சொல்கிறார், அங்கே இப்படியான ஆட்களை விட்டாலும் நீதிமன்றம் காலில் வளையம் பூட்டி, பள்ளிக்கூடத்துப் பக்கம் போகக் கூடாது, சொன்ன வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஐந்து வருடத்துக்குக் கட்டிப்போடுமாம். இங்கே அப்படி ஒரு கட்டளை எடுக்க முடியாதா? ஊருக்குள்ளேயே வரக் கூடாது என்று தடை வாங்கலாமா? சனசமூக நிலையத்தில் அவருடைய படத்தை ஒட்டுவோம் என்று பெடியள் நிற்கிறார்கள். அது சரியா?"

கடைசி வரியில், போகிறபோக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். அந்த ஆள் பிள்ளையின் தகப்பனுக்குக் கூடப்பிறந்த தம்பி. இரண்டு வீடும் ஒரே வளவு.

ஊரும் ஆட்களும் அடையாளம் தெரியாதபடி மற்ற விபரங்களை விட்டுவிட்டேன். நான் யாழ்ப்பாணத்தில் குற்றவியல் வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி. மூன்று கேள்விக்கும் சுருக்கமான பதில் இதுதான்: சிட்னியில் உள்ளதுபோல் தண்டனைக்குப் பிறகான கண்காணிப்புக் கட்டளை நம் சட்டத்தில் இல்லை. ஊருக்குள் வரவே கூடாது என்று தடை வாங்க முடியாது. படம் ஒட்டுவதை இன்றைக்கே நிறுத்துங்கள், அது பிள்ளைக்குத்தான் கேடு. ஆனால் கேள்வியின் அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அதில் ஒரு வழி திறந்திருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அண்ணா சொல்வது உண்மை. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2006இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். முதலில் கடுமையான பாலியல் குற்றம் செய்தவர்களுக்கு மட்டும் இருந்தது, 2013இல் கடுமையான வன்முறைக் குற்றவாளிகளையும் சேர்த்தார்கள். நம்மவர்கள் பலர் நினைப்பதுபோல் பொலிஸ் போய்க் கேட்டதும் கிடைக்கிற கட்டளை அல்ல அது. மாநில அரசு அங்குள்ள உச்ச நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே விண்ணப்பத்தைத் தள்ளிவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தள்ளாவிட்டால் உளமருத்துவர் அல்லது உளவியலாளர் இரண்டு பேரை நீதிமன்றமே நியமிக்கும். அவர்கள் ஆளைத் தனித்தனியாகச் சந்தித்து அறிக்கை கொடுக்க வேண்டும். கண்காணிப்பில் வைக்காவிட்டால் இன்னொரு கடுங்குற்றம் நடப்பதற்கு ஏற்க முடியாத அளவு ஆபத்து இருக்கிறது என்று நீதிபதிக்கு மிக உயர்ந்த அளவில் திருப்தி ஏற்பட்டால்தான் கட்டளை வரும். ஒரு தடவைக்கு 5 ஆண்டுகள்வரை போடலாம். முடிகிற நேரத்தில் அரசு மறுபடி கேட்கலாம், ஆனால் மறுபடியும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். விசாரணை இழுபட்டால் 28 நாள் வீதம் இடைக்காலக் கட்டளை, எல்லாம் சேர்த்து 3 மாதத்துக்கு மேல் போகாது. கட்டளையை மீறினால் அதுவே தனிக் குற்றம், 5 ஆண்டுவரை சிறை.

காலில் பூட்டும் வளையத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நடமாட்ட அட்டவணை. அப்படியான கட்டளைகளில் வழமையாக வரும் நிபந்தனை அது. அடுத்த வாரம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவேன், எந்த பஸ், எந்தக் கடை, யாரைச் சந்திப்பேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அந்த ஆள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மேற்பார்வை அதிகாரி ஒருவர் அதை வாசித்து ஒப்புதல் கொடுப்பார். அட்டவணையில் இல்லாத இடத்தில் நின்றால் கேள்வி வரும். அதோடு, அதிகாரி கேட்கும்போது தொலைபேசியையும் கணினியையும் கொடுக்க வேண்டும், அனுமதியில்லாமல் பெயரை மாற்றக் கூடாது, பிள்ளைகள் உள்ள பெண் ஒருத்தியோடு உறவு தொடங்கினால் அதைச் சொல்ல வேண்டும், சிகிச்சைக்கு ஒழுங்காகப் போக வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் வரும். இவை அத்தனைக்கும் பின்னால் சம்பளம் வாங்கிக்கொண்டு, இந்த ஆளின் கோப்பை மேசையில் வைத்திருக்கிற ஒரு மனுஷன் இருக்கிறார். அந்த மனுஷன் இல்லாவிட்டால் வளையம் வெறும் பிளாஸ்டிக்.

கனடாவில் உறவுகள் உள்ளவர்களும் இதையே கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே குற்றவியல் கோவையின் 810.2 பிரிவு என்று ஒன்று உண்டு. ஒருவர் கடுமையான வன்முறைக் குற்றமோ பாலியல் குற்றமோ செய்வார் என்று நியாயமான அச்சம் இருந்தால், சட்டமா அதிபரின் சம்மதத்தோடு நீதிமன்றத்துக்குப் போகலாம். நிபந்தனைகளோடு 12 மாதம்வரை பிணைமுறி (நிபந்தனையை மீறமாட்டேன் என்ற உறுதிப் பத்திரம்) எழுதவைக்கலாம், முன்பு அப்படியான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரென்றால் 2 ஆண்டுவரை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பாலியல் ஆபத்து என்றால் 810.1 என்று தனிப் பிரிவு. இதைவிட, தண்டனை கொடுக்கும் நாளிலேயே நீதிபதி 161ஆம் பிரிவின் கீழ் பூங்கா, விளையாட்டிடம், பாடசாலைப் பக்கம் போகத் தடை போடலாம், தேவையென்றால் ஆயுள் முழுவதற்கும். தீர்ப்பு நாளிலேயே தடையையும் சேர்த்து எழுதும் அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நீதிமன்றம் ஏன் இவ்வளவு கெடுபிடி பார்க்கிறது, ஆபத்தான ஆள் என்று ஊருக்கே தெரியும்தானே என்று நீங்கள் கேட்கலாம். செய்த குற்றத்துக்கான தண்டனையை ஒருவர் அனுபவித்து முடித்துவிட்டார். அதற்கு மேல் நாம் போடுவது, இனிச் செய்யக்கூடும் என்ற கணிப்பை வைத்துப் போடும் கட்டுப்பாடு. நியூ சவுத் வேல்ஸ் 1994இல் ஒரேயொரு ஆளைச் சிறையிலேயே வைத்திருப்பதற்காக ஒரு சட்டம் இயற்றியது. அவுஸ்திரேலியாவின் அதியுயர் நீதிமன்றம் 1996இல் அதைச் செல்லாது என்றது. குயின்ஸ்லாந்து மாநிலம் 2003இல் கொண்டுவந்த இன்னொரு சட்டத்தை அதே நீதிமன்றம் 2004இல் ஏற்றது, ஏனென்றால் அதில் யார்மீதும் விண்ணப்பிக்கக்கூடிய பொதுவான நடைமுறையும், சான்றுகளும், மீளாய்வும் இருந்தன. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் தண்டனை முடிந்தும் அடைத்து வைக்கப்பட்டவர் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவிடம் போக, 2010இல் அந்தக் குழு இது தன்னிச்சையான தடுத்துவைப்பு என்று சொன்னது. ஆக, அங்கேயே வாதம் இன்னும் ஓயவில்லை.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. செய்யக்கூடும் என்ற சந்தேகத்துக்கே ஆட்களை அடைக்கவிட்ட சட்டத்தின் கீழ் வளர்ந்த ஊர் நம்முடையது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 9ஆம் பிரிவு தடுத்துவைக்கும் கட்டளைக்கு, 11ஆம் பிரிவு எங்கே வசிக்க வேண்டும், எங்கே போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக் கட்டளைக்கு. அவற்றைப் பிறப்பிக்க அமைச்சரின் கையொப்பம் போதுமாக இருந்தது. ஆபத்தான ஆட்களிடமிருந்து பிள்ளைகளைக் காக்க நமக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று நானும் கேட்கிறேன். ஆனால் அது நீதிபதி முன்னால், சான்றோடு, மறுதரப்புக்கு வாய் திறக்க இடம் கொடுத்து, முடிவுத் திகதியோடு வருகிற சட்டமாக இருக்க வேண்டும். அதில் குறைத்துக்கொள்ள நான் தயாரில்லை.

சரி, இனி நம் நாட்டுக்கு வருவோம்.

தண்டனை முடிந்த ஒருவர் தன் சொந்த வீட்டுக்கு வருவதை ஊர் தடுக்க முடியாது. அரசியலமைப்பின் 14(1)(ஏ) உறுப்புரை வரிசையில் உள்ள உரிமைகளில் ஒன்று, நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் உள்ள சுதந்திரம். சட்டத்தின் மூலம் மட்டுமே அதை மட்டுப்படுத்தலாம். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தீர்மானமோ, கோவில் பரிபாலன சபையின் தீர்மானமோ அதற்குச் சட்டம் ஆகாது. 13ஆம் உறுப்புரை, குற்றம் நடந்த நேரத்தில் இருந்ததைவிடக் கடுமையான தண்டனையைப் பிறகு போடுவதையும் தடுக்கிறது. நாளைக்கே பாராளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்தாலும், அது இந்த ஆளுக்குச் செல்லுமா என்பது ஒரு பெரிய வழக்காகத்தான் இருக்கும்.

பொலிஸ் நிலையத்தில் யாராவது உங்களிடம் "81 போடலாம்" என்று சொல்லுவார்கள். அது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 81ஆம் பிரிவு. அமைதிக் குலைவு ஏற்படப்போகிறது என்று தகவல் வந்தால், அமைதி காப்பேன் என்று நீதவான் பிணைமுறி எழுதவைக்கலாம். காணிச் சண்டை, வேலிச் சண்டை, இரண்டு குழுவின் அடிபிடி ஆகியவற்றுக்கு அது பொருந்தும். யாருக்கும் தெரியாமல் ஒரு பிள்ளைக்கு நடக்கக்கூடிய துஷ்பிரயோகத்தை அமைதிக் குலைவு என்ற சட்டைக்குள் திணிப்பது கஷ்டம். அதற்கு அடுத்து வரும் நன்னடத்தைப் பிணைப் பிரிவுகளும் களவு, கொள்ளை, கப்பம் என்று வாழ்கிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அந்த ஆள் வந்து உங்களை மிரட்டினால், படலையில் நின்று சண்டைக்கு இழுத்தால், அப்போது 81 உதவும். இப்போதைக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

1926ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று இன்னொன்று உண்டு. பத்திரிகைகளில் வரும் ஐ.ஆர்.சி. பட்டியல், அதாவது மீண்டும் மீண்டும் குற்றவாளியானவர்களின் பொலிஸ் பட்டியல், இதன் வழியில் வந்ததுதான். மீண்டும் மீண்டும் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவரைப் பொலிஸ் கண்காணிப்பில் வைக்கவும், இருப்பிடத்தை அறிவிக்கவைக்கவும் நீதிமன்றம் கட்டளையிட இடம் உண்டு. அதைத் தண்டனையோடு சேர்த்து அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். உங்கள் விடயத்தில் தீர்ப்பு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. வேறு வழக்கில் நிற்பவர்கள் இதை வாசித்தால், தண்டனை விதிக்கும் நாளுக்கு முன்பே அரச சட்டத்தரணியிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். பிணை கட்டத்திலும் அப்படித்தான். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், சாட்சிகளைக் குழப்புவார், மறுபடி குற்றம் செய்வார் என்று நம்பக் காரணம் இருந்தால் பிணையை மறுக்க இடம் கொடுக்கிறது. பிணை கொடுத்தாலும் நிபந்தனை போடலாம்.

அந்த நிபந்தனைகள் எப்படி நடக்கின்றன என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். "ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் பொலிஸ் நிலையத்தில் கையொப்பமிட வேண்டும்." ஆள் மோட்டார்சைக்கிளில் வருவார். வாங்கில் கொஞ்ச நேரம் இருப்பார். கடமையில் நிற்பவர் ஒரு நீளக் கொப்பியைத் தள்ளிவிடுவார், அவர் கையெழுத்து வைப்பார், போய்விடுவார். எங்கே படுக்கிறீர், யாரோடு இருக்கிறீர், பக்கத்து வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி இல்லை. அந்தப் பொலிஸ்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, கட்டளையில் கையொப்பம் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. என்ன பார்க்க வேண்டும், யார் பார்க்க வேண்டும் என்பதைக் கட்டளையிலேயே எழுதிக் கேட்பது வழக்காடுகிற நம் பொறுப்பு.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பிள்ளையின் சொந்தச் சித்தப்பா. இது வெறும் துயரமான விபரம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் இதுதான் உங்களுக்குப் பலம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை எல்லோரும் கணவன் மனைவி சண்டைக்கான சட்டம் என்றே நினைக்கிறார்கள். வாசித்துப் பார்த்தால் அது மிக அகலமானது. கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்பவர் மட்டுமில்லை, தாய் தகப்பன், பேரன் பேத்தி, சகோதரர், மாற்றாந்தாய் மாற்றுத்தகப்பன், பெற்றாரின் சகோதரர் என்று உறவுகளின் பட்டியலே அதில் இருக்கிறது. தகப்பனின் தம்பி அந்தப் பட்டியலுக்குள் வருகிறார். குற்றவியல் தண்டனைக் கோவையில் மனித உடலுக்கு எதிரான குற்றங்கள் என்ற அத்தியாயம் முழுவதும் அந்தச் சட்டத்தில் வீட்டு வன்முறையாகக் கணக்கெடுக்கப்படுகிறது. பாலியல் குற்றங்கள் அந்த அத்தியாயத்தில்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமான விடயம், வன்முறை நடந்திருந்தால் மட்டும் அல்ல, நடக்கக்கூடியதாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சிட்னி நீதிபதி பார்க்கும் அந்த வருங்கால ஆபத்தை, நம் நீதவானும் பார்க்கக்கூடிய இடம் இது.

பிள்ளைக்காகத் தாயோ தகப்பனோ பாதுகாவலரோ விண்ணப்பிக்கலாம். பிள்ளை வசிக்கும் வீட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம், ஆகவே பிள்ளை உங்களோடு இருந்தால் நீங்களே போகலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அதிகாரமளித்தவரும், பொலிஸ் அதிகாரியும்கூடப் பிள்ளையின் சார்பில் விண்ணப்பிக்கலாம். தகப்பன் தன் தம்பிக்கு எதிராகக் கையெழுத்து வைக்கத் தயங்குவார், நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. அதற்காகவே சொல்கிறேன், தகப்பன் இல்லாமலும் இதைச் செய்யலாம். பிள்ளை வசிக்கும் இடத்துக்கான நீதவான் நீதிமன்றத்துக்குப் போங்கள்.

விண்ணப்பம் வந்ததும் நீதிமன்றம் அதைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். அவசரம் என்று திருப்திப்பட்டால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். விசாரணையை 14 நாட்களுக்குள் வைக்க வேண்டும். பிறகு வரும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம்வரை செல்லும், நீடிக்கவும் கேட்கலாம். வீட்டுக்குள் வரக் கூடாது, பாடசாலைக்குப் போகக் கூடாது, பிள்ளையோடு எந்த வழியிலும் தொடர்பு வைக்கக் கூடாது, பிள்ளைக்கு உதவி செய்கிறவர்களை அச்சுறுத்தக் கூடாது என்றெல்லாம் தடை கேட்கலாம். மீறினால் 10,000 ரூபாய்வரை தண்டம், அல்லது ஓராண்டுவரை சிறை, அல்லது இரண்டும். சிட்னியின் 5 ஆண்டுக்கு முன்னால் இது சின்னது. ஆனால் பொலிஸ் அந்த ஆளை நீதவான் முன் மறுபடி கொண்டுபோய் நிறுத்த இது போதும்.

ஒரே வளவு என்பதால் ஒரு சிக்கல் வரும். அந்த ஆளுக்கு வேறு வீடு இல்லையென்றால், கட்டளையால் அவருக்கு ஏற்படும் இடரையும் நீதிமன்றம் கருத்தில் எடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே "வளவுக்குள்ளேயே வரக் கூடாது" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். அவர் தங்கக்கூடிய வேறு உறவினர் வீடு எது, அங்கே பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரித்து அதையும் சத்தியக்கடதாசியில் எழுதுங்கள். வளவின் வரைபடம் ஒன்று கீறிக் கொடுங்கள்: கிணறு எங்கே, மலசலகூடம் எங்கே, ஒழுங்கைக்குப் போகும் படலை எது, பிள்ளை ரியூசனுக்குப் போகும் பாதை எது. பொதுக் கிணறும் ஒற்றைப் படலையும் உள்ள வளவில் "50 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும்" என்ற கட்டளை முதல் நாளே உடைந்துவிடும். நீதவானுக்கு உங்கள் வளவு தெரியாது. தாளில் கண்டால்தான் செய்யக்கூடிய நிபந்தனையை அவர் எழுதுவார்.

இன்னொரு வேண்டுகோளையும் விண்ணப்பத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட பாதுகாப்புக் கட்டளை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒரு சமூக சேவையாளரையோ, நன்னடத்தை உத்தியோகத்தரையோ, குடும்பநல உத்தியோகத்தரையோ, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ நீதிமன்றம் நியமித்து அறிக்கை கேட்கலாம். யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் போடுவதில்லை. நடமாட்ட அட்டவணையை வாசிக்கிற அந்தச் சிட்னி அதிகாரிக்கு நம் ஊரில் மிகக் கிட்ட வரக்கூடியவர் இவர்தான். குடும்பநல உத்தியோகத்தர் எப்படியும் உங்கள் ஒழுங்கையால் போய்வருகிறவர். எந்த வீட்டில் யார் புதிதாக வந்திருக்கிறார் என்று பொலிசைவிட அவருக்கு முதலில் தெரியும்.

படம் ஒட்டுவதற்கு வருகிறேன். பெடியளின் கோபம் எனக்கு விளங்குகிறது, அதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் தண்டனைக் கோவையின் 365இ பிரிவு வரிசையில், பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம் என்று இருக்கிறது. பிள்ளையின் பெயரைப் போடாவிட்டால் சரி என்று நினைக்காதீர்கள். கொஞ்ச வீடுகள் மட்டும் உள்ள ஊரில் சித்தப்பாவின் படத்தை ஒட்டினால், எந்தப் பிள்ளை என்று கணக்குப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். இத்தனை வருடமாக அந்தப் பிள்ளை ஒரு மாணவியாக, ஒரு நெற்போல் விளையாட்டுக்காரியாக மறுபடி நடமாடப் பழகியிருப்பாள். நோட்டீஸ் ஒட்டிய அடுத்த நாள் அவள் மறுபடி "அந்த வழக்குப் பிள்ளை" ஆகிவிடுவாள். பேஸ்புக்கில் போட்டால் இன்னும் மோசம், அழிக்கவே முடியாது.

துரத்திவிடுவதால் ஆபத்து குறைகிறதா என்பதையும் யோசியுங்கள். அமெரிக்காவில் பாலியல் குற்றவாளிகளின் விபரத்தை எல்லோருக்கும் பகிரங்கப்படுத்துகிறார்கள், பல இடங்களில் பாடசாலைக்கு இத்தனை அடி தூரத்துக்குள் வசிக்கக் கூடாது என்றும் விதி உண்டு. மயாமியில் அந்தத் தூரம் 2,500 அடி. அங்கே வசிக்க இடமே கிடைக்காமல், 2010வரை ஒரு கடற்பாலத்துக்குக் கீழே கூடாரம் அடித்து ஒரு கூட்டமே வாழ்ந்தது. மினசோட்டா மாநிலச் சிறைத் திணைக்களம், விடுதலையான பிறகு மறுபடி பாலியல் குற்றம் செய்து சிறைக்குத் திரும்பிய 224 பேரின் வழக்குகளை எடுத்துப் பார்த்து 2007இல் அறிக்கை வெளியிட்டது. வசிப்பிடத் தூர விதி இருந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய வழக்கு அதில் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலான குற்றங்கள் வீட்டுக்குப் போக்குவரத்து உள்ள, பழக்கமான ஆட்களாலேயே நடந்திருந்தன. உங்கள் வீட்டிலும் அதுதானே நடந்தது. இந்த ஊரிலிருந்து துரத்தினால் அவர் வன்னியிலோ கொழும்பிலோ, தன்னை ஒருவருக்கும் தெரியாத இடத்தில் ஒரு அறை எடுப்பார். அங்கேயும் பக்கத்து வீட்டில் பிள்ளைகள் இருக்கும்.

2015 மே மாதம் புங்குடுதீவு மாணவியின் கொலைக்குப் பிறகு யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டிடத்துக்குக் கல் விழுந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அன்றைக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைத்தது 2017 செப்டெம்பரில், யாழ்ப்பாணத்தில் இருந்த மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் ஏழு பேரைக் குற்றவாளிகளாகக் கண்டபோதுதான். பெடியளுக்கு இதைச் சொல்லுங்கள். அவர்களுக்குச் செய்ய வேலை இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

கனடாவின் ஹமில்டன் நகரத்தில் 1994இல் ஒரு சம்பவம். பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்து பலமுறை தண்டனை பெற்ற ஒருவர் சிறையிலிருந்து வந்தபோது ஊர் கொதித்தது. மெனோனைற் என்ற கிறிஸ்தவ சபையின் போதகர் ஒருவர் தன் சபையிலிருந்து சிலரைச் சேர்த்து, நாள்தோறும் அந்த ஆளைச் சந்திக்கிற ஒரு சிறு வட்டத்தை உருவாக்கினார். எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். வீடு தேட, மருந்தெடுக்க, வேலைக்குப் போக உதவியும் செய்வார்கள். பிறகு அது ஒரு முறையாகவே பரவி, பிரித்தானியாவுக்கும் போனது. அப்படி வட்டத்தோடு வெளிவந்தவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைவாக இருந்ததாகக் கனடிய ஆய்வுகள் கண்டன. ஆளை ஆதரிப்பதும் கண்காணிப்பதும் அதில் ஒரே ஆட்களின் கையில் இருந்தன.

உங்கள் ஊரில் அதற்கு ஆட்கள் இல்லாமல் இல்லை. அந்த ஆளின் மூத்த அக்கா இருக்கிறாரா, அவர் சொல்லுக்கு அடங்குவாரா? ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், விளையாட்டுக் கழகத்தில் பொறுப்பான ஒருவர், இப்படி மூன்று நான்கு பேர் போதும். அவர்கள் பகிரங்கமாக எதையும் அறிவிக்கத் தேவையில்லை. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நிற்பதில்லை, ரியூசனுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற ஓட்டோ வேலை எடுப்பதில்லை, திருவிழாவில் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கிற தொண்டில் சேர்வதில்லை என்று அந்த ஆளிடம் நேரே பேசி ஒப்புக்கொள்ளவைக்க வேண்டும். ஒப்புக்கொண்டதை யாராவது ஒவ்வொரு வாரமும் போய்ப் பார்க்க வேண்டும். அவருக்கு ஒரு வேலை கிடைக்க வழி செய்வதும் இதே ஆட்களின் பொறுப்பு. வேலையும் இல்லாமல், பேச ஒருவரும் இல்லாமல், குடியோடு தனியே இருக்கிற ஆள்தான் எனக்குப் பயம்.

விடுதலைத் திகதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தண்டனைக் காலத்தில் கழிவு கிடைப்பதால் தீர்ப்பில் உள்ள வருடக் கணக்கைப் பார்த்து இருந்துவிடாதீர்கள், அதற்கு முன்னரே வரலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவி, பாதுகாப்பு அளிக்கும் சட்டம் முதலில் 2015இல் வந்தது, இப்போது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தில் இருக்கிறது. அதன் கீழ் ஒரு தேசிய அதிகாரசபை இருக்கிறது. பிள்ளையின் பெயரில் அங்கே எழுத்தில் விண்ணப்பித்து, விடுதலை பற்றிய தகவலும் பாதுகாப்பும் கேளுங்கள். பாதிக்கப்பட்டவரை மிரட்டுவது அந்தச் சட்டத்தில் எளிதில் பிணை கிடைக்காத தனிக் குற்றம். வெளியே வந்த ஆளோ, அவரின் ஆட்களோ "ஏன் வழக்குப் போட்டாய்" என்று ஒரு வார்த்தை கேட்டாலும் திகதி, நேரம், கேட்டவர் பெயரோடு எழுதி வைத்துக்கொண்டு அன்றைக்கே பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவுக்குப் போங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கும் சொல்லுங்கள்.

பிள்ளையின் பாடசாலை அதிபரிடம் தாய் தனியே போய்ப் பேசட்டும். தாயும் அவர் எழுதிக் கொடுத்தவர்களும் தவிர வேறு யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பது மட்டும் அதிபருக்கும் வகுப்பாசிரியருக்கும் தெரிந்தால் போதும், பழைய கதை முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு அவர் வருவதை முன்பே சொல்லிவிடுங்கள். திடீரென்று படலையில் அவரைக் காண்பதைவிட, அம்மா வாயால் முதலில் கேட்பது நல்லது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, பிள்ளைக்குத் தூக்கம் கெட்டால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், தள்ளிப்போடாமல் கூட்டிப்போங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள். போகும்போது மேல் நீதிமன்ற வழக்கு இலக்கம், தீர்ப்பின் பிரதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தகப்பனும் அந்த ஆளும் சகோதரர் என்று காட்டப் பிள்ளையின் அப்பப்பா, அப்பம்மா பெயர் உள்ள அந்த இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள், கிராம அலுவலரிடம் வாங்கிய வதிவிடக் கடிதம், நான் சொன்ன வளவு வரைபடம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். தீர்ப்பின் பிரதி கையில் இல்லையென்றால் மேல் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து எடுக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், ஆகவே இந்தக் கிழமையே அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.